பழுது இயந்திரத்திலா, வந்து சேரும் மின்சாரத்திலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் மரம் சாய்ந்த செய்திகளும் மின்தடை அறிவிப்புகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. மின்சாரம் எப்போது போகும், எப்போது திரும்பும் என்பதை மக்கள் அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். திரும்பி வந்த மின்சாரம் எந்த நிலையில் வந்தது, வீட்டில் இருக்கும் சாதனங்களை அது என்ன செய்தது என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. கோத்தகிரி வட்டாரத்தில் வீட்டு உபயோக மின்சாதனங்களைப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தக் குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

"அண்ணா, ஃபிரிட்ஜ் போயிடுச்சு", "கீசர்ல காயில் போயிடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டுதான் மக்கள் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பொருள்களில் கணிசமானவற்றை என் மேசையில் இணைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மறுபடியும் நின்றுவிடுகின்றன. இப்படி இரண்டு முறை நடந்தால், பழுது பார்த்தவன் ஏமாற்றிவிட்டான் என்றோ, சாதனமே சரியில்லை என்றோ முடிவு கட்டி, கடனுக்கோ தவணைக்கோ புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதுவும் அதே சுவரில், அதே ப்ளக்கில்தான் மாட்டப்படுகிறது. பழுதைத் தேடுகிறவர்கள் சாதனத்தைத் திறப்பதற்கு முன்னால், அதற்கு வந்து சேரும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

மலையில் இந்தக் கோளாறுகள் மிகுதியாக இருப்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஒரு ஹட்டியில் (படுகர் சிற்றூரில்) கொஞ்சம், அதற்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் கொஞ்சம், பள்ளத்தில் தனித்தனியாகச் சில என்று இங்கே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் தாழ்வழுத்தக் கம்பி, கற்பூர மரங்களுக்கும் சீகை மரங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் இடையே சரிவில் ஏறி இறங்கி, வெகுதூரம் போய்த்தான் கடைசி வீட்டை எட்டுகிறது. கம்பி நீளும் அளவுக்கு வோல்டேஜ் குறைகிறது. காற்றில் கிளைகள் உரசும்போதெல்லாம் கம்பத்தில் உள்ள இணைப்புகள் தளர்கின்றன. மாதக்கணக்கில் நீடிக்கும் மேகமூட்டமும் பனியும் அந்த இணைப்புகளில் களிம்பு ஏற்றுகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய மழைக்குப் பிறகு அவசரத்தில் முறுக்கிக் கட்டப்படும் கம்பிகள் பல இடங்களில் அப்படியே நிலைத்துவிடுகின்றன. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய நாள் முதல் இந்த மலை சமவெளிக்கு மின்சாரம் அனுப்பி வருகிறது. பின்னர் கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டமும் வந்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில் ஒரு மிக்ஸி சுற்றத் திணறுவதை இயல்பானது என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருக்கும் பழக்கமான கீசரிலிருந்தே தொடங்குகிறேன். "கோயம்புத்தூர்ல என் பொண்ணு வீட்டுல பத்து நிமிஷத்துல சுடுது, இங்க அரை மணி நேரம் ஆகுது" என்று சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. அதில் ஒரு பகுதி குளிரின் வேலை. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் கீசருக்கு ஒன்பது, பத்து நிமிடம் போதும். நம் ஊரில் மார்கழி, தை மாதக் காலைகளில் குழாயில் வரும் தண்ணீர் 12 டிகிரி அளவில் இருந்தால், அதே கீசருக்குச் சுமார் 17 நிமிடம் பிடிக்கும். எஞ்சிய தாமதம் வோல்டேஜைப் பொறுத்தது. கம்பிச்சுருள் தரும் வெப்பம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 240 வோல்ட்டில் 2000 வாட் தரும் கீசர் 180 வோல்ட்டில் 1125 வாட் மட்டுமே தரும். அப்போது 17 நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகிறது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஊரே கீசரையும் ஹீட்டரையும் போட்டிருக்கும்போது இது நடப்பதில் வியப்பில்லை. காயிலை மாற்றினாலும், தெர்மோஸ்டாட்டை மாற்றினாலும், கீசரையே மாற்றினாலும் அந்த அரை மணி நேரம் குறையப் போவதில்லை.

இதைக் கண்டறிய வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ப்ளக்கில் செருகினால் வோல்டேஜை எண்ணாகக் காட்டும் சிறிய கருவி மின்பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மல்டிமீட்டரைப் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுவே பாதுகாப்பானது. முதலில் வீட்டில் எதுவும் ஓடாதபோது எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் அப்போது 220, 230 என்று நல்ல எண்ணே தெரியும். பலர் இதைப் பார்த்துவிட்டு, வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சுமை இல்லாதபோது பார்த்த வோல்டேஜை நம்பக் கூடாது. தளர்ந்த இணைப்பும் களிம்பு ஏறிய கம்பியும் மின்னோட்டம் பாயும்போதுதான் தம் குறையைக் காட்டும். எனவே கீசரையோ அறை ஹீட்டரையோ ஓடவிட்டு, மெயின் போர்டை ஒட்டியுள்ள ப்ளக்கில் ஒரு முறையும், குறை சொல்லப்படும் சாதனம் இருக்கும் அறையின் ப்ளக்கில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களிலும் ஐந்தாறு வோல்ட் மட்டும் இறங்கினால் வீடு நலமாக இருக்கிறது. மெயின் போர்டு அருகே இறங்காமல் அறையில் மட்டும் வெகுவாக இறங்கினால், கோளாறு இரண்டுக்கும் இடையே உள்ள வயரிங்கில் இருக்கிறது. மெயின் போர்டு அருகிலேயே 40, 50 வோல்ட் இறங்கினால், மெயின் சுவிட்சிலோ அதற்கு வெளியே, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரிலோ கம்பத்திலோ தேட வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலும் விளக்கு மங்குகிறதா என்று கேட்டுவிட்டால், தேட வேண்டிய இடம் இன்னும் சுருங்கிவிடும். நம் வீட்டில் மட்டும் மங்கினால் நமக்கு வரும் சர்வீஸ் வயரிலும், எல்லா வீட்டிலும் மங்கினால் ஊர்க் கம்பியிலும் பார்க்க வேண்டும்.

அந்த 40 வோல்ட் ஒரே இணைப்பில் விழுந்துகொண்டிருந்தால் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்டு ஆம்பியர் ஓடும்போது 40 வோல்ட் இழப்பு என்பது 320 வாட் வெப்பம். நாங்கள் ஈயம் பற்றவைக்கப் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பன்னிரண்டை ஒரே இடத்தில் வைத்ததற்குச் சமமான வெப்பம், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முறுக்கில், சில நேரங்களில் மரச்சட்டத்துக்கு அருகில், நாள்தோறும் காலையில் உண்டாகிக்கொண்டிருக்கிறது. குறைந்த வோல்டேஜ் வெறும் அசௌகரியம் அன்று. அது தீ விபத்துக்கான முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

கீழ்கோத்தகிரிப் பக்கம் ஒரு முதிய தம்பதியரின் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு நிறுவனத்தின் பழுதுநீக்குப் பிரிவினர் கம்ப்ரசரையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மாற்றிய கம்ப்ரசரும் பழையதைப் போலவே சில நொடி உறுமி, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்று, சில நிமிடம் கழித்து மீண்டும் உறுமியது. அந்தச் சத்தத்தை இரவெல்லாம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது வோல்டேஜ் சரிந்தால் மோட்டாரால் சுழல முடியாது, சூடேறும், ஓவர்லோடு ரிலே துண்டித்துவிடும். நான் பெட்டியைத் தொடவே இல்லை. மெயின் போர்டு அருகே மீட்டரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். 226 காட்டிக்கொண்டிருந்த எண், கம்ப்ரசர் உறுமியதும் 160க்குக் கீழே போய், ரிலே துண்டித்ததும் மீண்டும் 226க்கு ஏறியது. வெளிச்சுவரில் சர்வீஸ் வயர் வந்து சேரும் இடத்தில், அலுமினியக் கம்பியும் செம்புக் கம்பியும் கையால் முறுக்கப்பட்டு, மேலே சுற்றிய டேப் உருகி வழிந்து கறுத்திருந்தது கீழே நின்று பார்த்தபோதே தெரிந்தது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குச் சொன்னோம். லைன்மேன் வந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேப்பைப் பிரித்தபோது உள்ளே ஒரு பக்கம் வெள்ளைப் பொடியும் மறுபக்கம் பச்சைக் களிம்பும் உதிர்ந்தன. முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு உலோகங்களுக்கும் பொருந்தும் இணைப்பானைப் போட்டு இறுக்கினார். பெட்டி அன்று மாலையே உறுமாமல் ஓடியது. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கினால் ஈரக்காற்றில் அரிப்பு ஏற்படும் என்பது வயரிங் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தும் அது நடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது நியூட்ரல் கம்பி அறுவதும் தளர்வதும். மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும், அது திரும்பிச் செல்லும் ஒரு நியூட்ரலும் ஊருக்குள் வருகின்றன. ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட் என்றால், இரண்டு பேஸ்களுக்கு இடையே 415 வோல்ட். கிளை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் தொடராக மாட்டிக்கொண்டு அந்த 415 வோல்ட்டைத் தம்முள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதிகச் சுமை ஓடும் வீடுகளுக்குக் குறைந்த வோல்டேஜும், இரண்டு எல்இடி விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் மட்டும் ஓடும் வீட்டுக்கு 300க்கு மேலும் போய்ச் சேரும். எதிர் வீட்டில் விளக்கு மங்கும் அதே நேரத்தில் நம் வீட்டில் விளக்கு கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தாலோ, மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் கீசரைப் போட்டதும் வேறு அறையின் விளக்கு பிரகாசமாகி அறையைப் பளீரென்று ஆக்கினாலோ, அது நியூட்ரல் போனதற்கான அடையாளம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மெயின் சுவிட்சை உடனே அணைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரையும் அணைக்கச் சொல்ல வேண்டும். என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சாதனம் போகும்.

தனி வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் அறிகுறி வேறு. எதுவும் ஓடாது, ஆனால் டெஸ்டரைச் செருகினால் ப்ளக்கின் இரண்டு துளைகளிலும் எரியும். 'ரிட்டர்ன் வருது' என்று எங்கள் தொழிலில் இதைச் சொல்வோம். பேஸ் வழியே வரும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சாதனத்தின் வழியாக நியூட்ரல் கம்பிக்கு வந்து, மேலே செல்ல வழியில்லாமல் நிற்கிறது. டெஸ்டர் எரிகிறது, ஆகவே கரண்ட் இருக்கிறது, ஆகவே சாதனம்தான் போய்விட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். டெஸ்டர் பேஸ் இருப்பதை மட்டுமே சொல்லும். மின்சுற்று முழுமையாக இருப்பதை அது சொல்லாது. இந்த நேரத்தில் நியூட்ரல் என்று நினைத்து அந்தக் கம்பியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

லோ வோல்டேஜ் என்றதும் ஸ்டெபிலைசர் வாங்கிவிடுவது நம் பழக்கமாகிவிட்டது. கம்பி நீளத்தால் வோல்டேஜ் குறையும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தளர்ந்த இணைப்புக்கு அது மருந்தாகாது. வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க வேண்டுமானால் ஸ்டெபிலைசர் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தாக வேண்டும். அதனால் தளர்ந்த இணைப்பு இன்னும் சூடேறுகிறது. அது நாள் முழுவதும் 'டக் டக்' என்று மாறிக்கொண்டே இருந்தால், ஸ்டெபிலைசரைக் குறைசொல்லி மாற்றுவதற்கு முன் இணைப்புகளைப் பார்ப்பது நல்லது. இன்வெர்ட்டரிலும் இதே குழப்பம் உண்டு. கணினிக்கு ஏற்ற முறையில் வைக்கப்பட்டிருக்கும் பல இன்வெர்ட்டர்கள், வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே இறங்கினாலே மின்சாரம் போய்விட்டதாகக் கருதி பேட்டரிக்கு மாறிவிடும். வீட்டுக்காரர் ஊரில் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்க, கம்பியில் மின்சாரம் இருந்தும் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். பிறகு உண்மையாகவே மின்தடை வரும்போது பேட்டரி கால்மணி நேரத்தில் படுத்துவிடும். உடனே புது பேட்டரி. குளிரில் ஈய அமில பேட்டரியின் கொள்ளளவே குறைந்துவிடும் என்பதால், சமவெளியில் விற்பவர் சொன்ன மணிக்கணக்கை இங்கே எதிர்பார்க்கவும் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் அளவையும், முனைகளில் படியும் வெள்ளைப் பூப்பையும், மின்சாரம் இருக்கும்போது இன்வெர்ட்டரின் எந்த விளக்கு எரிகிறது என்பதையும் பார்த்த பிறகு பேட்டரி கடைக்குப் போகலாம்.

மழைக்காலத்தில் அதிகம் கேட்கும் இன்னொரு குறை, ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்பது. எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் மெயின் போர்டில் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள். எம்சிபி விழுந்தால் சுமை மிகுதி அல்லது ஷார்ட் சர்க்யூட். ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிந்து பூமிக்குப் போகிறது. வீட்டில் பொருத்தப்படும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும்படி அமைந்திருப்பது உயிரைக் காப்பதற்காக. அது தொந்தரவு செய்கிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துக் கொடுக்கும் வயர்மேன்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் செய்வது பெருந்தீங்கு. எல்லாச் சாதனங்களையும் ப்ளக்கிலிருந்து உருவிவிட்டு, எம்சிபிக்களை எல்லாம் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றிய பின் ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிக்கொண்டே வந்தால் எந்தச் சுற்றில் கசிவு என்பது தெரிந்துவிடும். எதிலும் விழவில்லையென்றால் சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். குன்னூரிலும் உதகையிலும் கோடைக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகளில் பெரும்பாலும் கீசரும் இஸ்திரிப் பெட்டியும்தான் பிடிபடும். கம்பிச்சுருளைச் சுற்றிக் குழாய்க்குள் நிரப்பப்பட்டிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மாதக்கணக்கில் சூடாகாமல் கிடந்தால் ஈரமேறிக் கசிய விடும். முறையாக உலர்த்திச் சோதித்தால் பல நேரங்களில் அதே காயில் மீண்டும் பயன்படும். அதையும் மீறிக் கசிந்தால் மட்டும் மாற்றலாம்.

குழாயைத் தொட்டால் 'சுர்' என்கிறது என்ற புகாரை எவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதனத்தில் கசிவும் இருக்கிறது, வீட்டில் எர்த்தும் செயல்படவில்லை என்று இரண்டு குறைகள் சேர்ந்தால்தான் அது நேரும். பாறை நிலத்தில் எர்த் குழாயை முழு ஆழத்துக்கு இறக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மாசி, பங்குனியில் மண் காய்ந்ததும் அது எர்த்தாகவே இருப்பதில்லை. பழைய பங்களாக்களிலும் லைன் வீடுகளிலும் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாயாக இருந்த காலத்தில் அதற்கு ஏதோ பொருள் இருந்தது. பிவிசி குழாய்க்கு மாறிய பின் அந்தக் கம்பி எங்கும் போய்ச் சேரவில்லை. எர்த் இல்லாத ப்ளக்கில் நியூட்ரலையே எர்த் முனைக்கு இழுத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் கொடியது. மேலே சொன்னபடி நியூட்ரல் விட்டுப்போகும் நாளில், கீசரின் உடம்பும் கிரைண்டரின் உடம்பும் பேஸாகிவிடும். இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் கூடாது, யாரும் செய்து தரவும் கூடாது.

அறை ஹீட்டரை ஆறு ஆம்பியர் ப்ளக்கில், எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாக மாட்டுவது இங்கே பரவலாக இருக்கிறது. 2000 வாட்டுக்கு 16 ஆம்பியர் ப்ளக்கும் அதற்கேற்ற தடிமனுள்ள வயரும் வேண்டும். ப்ளக் முனை கறுத்திருந்தாலும், உருவும்போது சுட்டாலும் ப்ளக்கோடு சேர்த்துச் சுவரில் உள்ள சாக்கெட்டையும் மாற்ற வேண்டும். ஃப்யூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடி இடிக்கும் சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கை உருவிவிட வேண்டும்; கேபிள் வயரையும் இணைய வயரையும் சேர்த்து.

கேத்தி பாலாடா போன்ற இடங்களில் கேரட் கழுவும் இயந்திரமும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மூன்று பேஸில் ஒன்று போய்விட்ட நிலையில் மோட்டார் உறுமினால், அடுத்த சில நிமிடங்களில் காயில் கருகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் விட்டுப்போனாலும், மோட்டாரின் சுருள் வழியாக அந்த முனையில் வோல்டேஜ் நிற்பதால் டெஸ்டர் மூன்றிலும் எரியக்கூடும். இரண்டிரண்டு பேஸ்களுக்கு இடையே மீட்டரால் அளந்து, மூன்று அளவுகளும் ஏறக்குறைய 415 இருந்தால் மட்டுமே மோட்டாரை ஓட்டலாம். ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வது, மோட்டாரை மறுபடி காயில் கட்டும் செலவைவிட மிகவும் குறைவு.

இத்தனையும் பார்த்த பிறகுதான் சாதனத்தைத் திறக்கும் நேரம் வருகிறது. அங்கே விஷயம் பெரும்பாலும் எளிது: மிக்ஸியின் அடியில் உள்ள ஓவர்லோடு பொத்தான், தேய்ந்த கார்பன் பிரஷ், ரைஸ் குக்கரின் தெர்மல் ஃப்யூஸ், கீசரின் கட்-அவுட். இவற்றை எந்த ஊர்ப் பழுதுநீக்குநரும் அன்றைக்கே சரிசெய்துவிடுவார்.

மீட்டர் வரை உள்ள கம்பியும் இணைப்பும் மின்வாரியத்தின் பொறுப்பு. அதற்குப் பின் உள்ளவை நம் பொறுப்பு. தாழ்வழுத்த இணைப்பில் வோல்டேஜ் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. 240 வோல்ட் என்று கொண்டால் ஏறக்குறைய 226க்கும் 254க்கும் இடைப்பட்ட அளவு. அதற்கு வெளியே போனால் புகார் செய்யும் உரிமை நமக்கு உண்டு. 2021இல் தொடங்கப்பட்ட மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு அழைக்கும்போது 'கரண்ட் சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரத்தில், எந்தச் சுமை ஓடும்போது, மெயின் போர்டு அருகே எத்தனை வோல்ட் இருந்தது, பக்கத்து வீடுகளில் என்ன நிலை என்று சொன்னால், வரும் லைன்மேன் எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். மழையில் வழுக்கும் கம்பத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறும் அந்தத் தொழிலாளர்களின் நேரம் வீணாகாமல் இருப்பதற்கும் அதுவே வழி. புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டுள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரையும் நாடலாம். எழுதி வைத்த வோல்டேஜ் கணக்கு அங்கே கைகொடுக்கும்.

நீலகிரி மாவட்ட மின்வாரிய அதிகாரிகளுக்கு இக்கடிதத்தின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பருவமழைக்கு முன் மரக்கிளைகளை வெட்டும் பணியோடு சேர்த்து, ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் கம்பியின் கடைசிக் கம்பத்திலும் நியூட்ரல் இணைப்புகளைப் பிரித்துச் சுத்தம் செய்து இறுக்கும் பணியையும் மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கடைசி வீட்டில் காலை ஏழு மணிக்கு இருக்கும் வோல்டேஜை அளந்து பிரிவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். எந்த ஊருக்குப் புதிய டிரான்ஸ்பார்மர் தேவை என்பதை அந்தப் பலகையே காட்டிவிடும். தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மின்தடை அறிவிப்பு வெளியிடும் அதே பக்கத்தில், மே மாதத்தின் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூட்ரல் போனால் தெரியும் அறிகுறிகளையும் மெயின் சுவிட்சை அணைக்கும்படியான அறிவுரையையும் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும். வெட்டி எடுத்து மெயின் போர்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் அளவில் அது இருந்தால் போதும். அதற்கான தொழில்நுட்ப விவரங்களைச் சரிபார்த்துத் தர நானும் என்னைப் போன்ற தொழிலாளர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுதுநீக்குநர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.